திசையே ஆடையாக: தெலுங்குத் திகம்பரக் கவிகளின் எழுச்சியும் பிரிவும்

1. முன்னுரை

இலக்கியக் குழுக்கள் தோன்றுவதற்கான காரணங்கள் விரிவாக ஆராயப்படுகின்றன. அவை கலைவதற்கான காரணங்கள் அத்துணை விரிவாக ஆராயப்படுவதில்லை. தனிமனிதப் பூசல், பணம், அரசியல் வேறுபாடு ஆகியவற்றுள் ஒன்றைச் சுட்டிவிட்டு வரலாற்றாசிரியர்கள் அடுத்த இயலுக்குச் சென்றுவிடுகின்றனர். ஒரு குழு தான் தேர்ந்துகொண்ட மொழியின் அமைப்பினாலேயே நெடுங்காலம் நீடிக்க இயலாமற் போகக்கூடுமா என்பது மொழியியலார் எழுப்ப வேண்டிய வினாவாகும். ஹைதராபாத்தில் 1965இல் தோன்றி, மூன்று தொகுதிகளை வெளியிட்டு, 1970இல் பிரிந்த திகம்பரக் கவிகள் இவ்வினாவுக்கு உரிய சான்றாக அமைகின்றனர்.

இவர்களை மேலைநாட்டு ராப் இசைக் குழுக்களோடு ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. புனைபெயர், தெருமொழி, வசை, இலக்கிய நிறுவனங்களுக்கு வெளியே அரங்கேற்றம், சில ஆண்டுகளில் பிரிவு என்னும் ஐந்து கூறுகளும் இரு சாராரிடத்தும் காணப்படுகின்றன. ராப் இசையின் முன்னோடிகள் எனக் கருதப்படும் 'லாஸ்ட் போயட்ஸ்' குழு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1968ஆம் ஆண்டு மே மாதம் தோன்றியது. அதே ஆண்டில்தான் திகம்பரக் கவிகளின் மூன்றாவது தொகுதி வெளிவந்தது. இரு குழுவினரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றில்லை. எனவே இங்குத் தொடர்பு பேசப்படவில்லை, ஒப்புமையே பேசப்படுகிறது.

2. பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடுகு ராமமூர்த்தி நடத்திய வழக்குமொழி இயக்கம் தெலுங்கு உரைநடையை ஏட்டு வழக்கிலிருந்து விடுவித்தது. 1943இல் தெனாலியில் தொடங்கப்பெற்ற முற்போக்கு எழுத்தாளர் சங்கம் கவிதையை அரசியலோடு பிணைத்தது. ஸ்ரீஸ்ரீயின் 'மஹாப்ரஸ்தானம்' 1950இல் நூலாக வெளிவந்து, பின்வந்த கவிஞர் அனைவருக்கும் அளவுகோலாயிற்று. ஆனால் 1960களில் இவ்வியக்கத்தின் வேகம் தணிந்திருந்தது. முற்போக்குக் கவிஞர் சிலர் திரைப்படத் துறைக்குச் சென்றனர். சிலர் அரசு நிறுவனங்களின் அரவணைப்பில் அமைந்தனர்.

1956இல் ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகரான ஹைதராபாத்தில் கடலோர ஆந்திரத் தெலுங்கும், தெலங்கானாத் தெலுங்கும், தக்கனி உருதுவும் ஒரே தெருவில் ஒலித்தன. ஏட்டில் ஏறிய வழக்குமொழி பெரும்பாலும் கடலோர மாவட்டங்களின் கற்றோர் வழக்கே. நகரத் தெருவின் வழக்கு அன்று. வழக்குமொழி இயக்கம் வென்ற பின்னரும் தெரு இலக்கியத்திற்கு வெளியிலேயே நின்றது. இவ்விடைவெளியில்தான் ஆறு இளைஞர்கள் தோன்றினர்.

3. பெயரும் பெயர்நீக்கமும்

நக்னமுனி, நிகிலேஸ்வர், ஜ்வாலாமுகி, செரபண்டராஜு, பைரவய்யா, மஹாஸ்வப்னா என்பன அவர்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர்கள். இயற்பெயர்களின் ஈற்றில் ராவ், ரெட்டி, ஆசாரியுலு போன்ற ஒட்டுகள் இருந்தன. தெலுங்கு நாட்டில் ஒருவரின் வீட்டுப்பெயரும் பெயரீறும் சாதியையும் ஊரையும் கேட்போருக்கு உடனே உணர்த்திவிடும். புதுப்பெயர்கள் இவ்விரண்டையும் நீக்கின. பெயர்மாற்றம் இங்கு அலங்காரமன்று. ஆடை களைதல் என்னும் உருவகத்தின் முதற்செயலாகும். ராப் பாடகர் மேடைப்பெயர் சூடுவதும் இத்தகையதே. பிறப்பு தந்த பெயரை நீக்கிப் பேச்சு தரும் பெயரை ஏற்பதாகும் அது.

எனினும் இப்பெயர்களின் சொல்லமைப்பு மற்றொன்றையும் வெளிப்படுத்துகிறது. நக்னமுனி, நிகிலேஸ்வர், ஜ்வாலாமுகி, மஹாஸ்வப்னா ஆகிய நான்கும் முழுமையாக வடமொழிச் சொற்களால் ஆனவை. பைரவய்யா என்பதில் 'அய்ய' என்னும் ஈறு மட்டுமே நாட்டு வழக்கு. செரபண்டராஜு என்பதில்தான் சிறை என்னும் பொருளுடைய 'செர', பாறை என்னும் பொருளுடைய 'பண்ட' ஆகிய தெலுங்குச் சொற்கள் இடம்பெறுகின்றன. குழுவின் பெயரும் வடமொழித் தொகையே. கிழமைகளுக்கும் பருவங்களுக்கும் ஆண்டுக்கும் புதுப்பெயர் சூட்டித் தமக்கெனத் தனி நாட்காட்டி வகுத்தபோதும் அவர்கள் இவ்வழியினின்று விலகவில்லை. மரபை மறுக்க வந்தவர்கள் மறுப்பின் பெயரை மரபின் கருவூலத்திலிருந்தே எடுத்தனர். தெருவின் சொல் கவிதைக்குள் வந்தது, பெயர்ப்பலகைக்கு வரவில்லை. இம்முரண் பின்னர் நிகழ்ந்த பிரிவுக்கும் ஒரு முன்னறிகுறி எனலாம்.

4. அரங்கேற்றம்

முதல் தொகுதி 1965ஆம் ஆண்டு மே மாதம் ஹைதராபாத்தில் நள்ளிரவில் வெளியிடப்பெற்றது. வெளியிட்டவர் ஒரு ரிக்‌ஷா ஓட்டுநர். இரண்டாம் தொகுதியை 1966இல் விஜயவாடாவில் ஓர் உணவுவிடுதிப் பணியாளரும், மூன்றாம் தொகுதியை 1968இல் விசாகப்பட்டினத்தில் தெருவோரம் வாழ்ந்த ஒரு பெண்ணும் வெளியிட்டனர். அமைச்சரோ துணைவேந்தரோ மூத்த புலவரோ நூலை வெளியிடுவதே வழக்கமாயிருந்த காலத்தில் இது பெருஞ்செயல். நகரம் உறங்கும் நேரமும், அவையில் இடம்பெறாத மனிதரும் அரங்கேற்றத்தின் உறுப்புகளாயினர்.

ஆனால் கருத்தாடல் நோக்கில் ஒரு வேறுபாட்டைக் காணுதல் வேண்டும். உரையாடலில் பங்கேற்போரை எர்விங் கோஃப்மன் 1981இல் வெளியான தம் நூலில் மூவகையாகப் பிரிப்பார்: சொல்லை ஒலிப்பவர், சொல்லை ஆக்குபவர், சொல்லுக்குப் பொறுப்பேற்பவர். ரிக்‌ஷா ஓட்டுநர் இம்மூவருள் ஒருவரும் அல்லர். நூல் அவர் கையிலிருந்து வெளிவந்தது. நூலுக்குள் அவர் பேசவில்லை. அவருக்காகப் பேசுதல் நிகழ்ந்ததேயன்றி அவரோடு பேசுதல் நிகழவில்லை. ராப் இசையின் வன்மை தெருவில் வாழ்வோரே ஒலிப்பவராகவும் ஆக்குபவராகவும் பொறுப்பேற்பவராகவும் இருப்பதில் உள்ளது. திகம்பரக் கவிகளிடம் இவ்வொருமை அமையவில்லை. 2018இல் வெளிவந்த 'மியா பாய்' போன்ற ராப் பாடல்களில் ஹைதராபாத்தின் பேச்சுத் தக்கனி அதனைப் பேசுவோரின் குரலிலேயே ஒலித்தபோது இவ்விடைவெளியின் அளவு தெளிவாயிற்று.

5. வசையின் இலக்கணம்

திகம்பரக் கவிகளின் மொழியில் முதன்மையானது வசை. அழுகல், நோய், கழிவு, உடலுறுப்பு ஆகியன குறித்த சொற்கள் சமூகத்தை நோக்கி வீசப்பட்டன. இதனைப் புதுமை எனப் போற்றியோரும் ஆபாசம் எனப் பழித்தோரும் ஒன்றை மறந்தனர்: வசைக்கும் மரபுண்டு. தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்துகிறது. காளமேகத்தின் வசைபாடல்கள் தமிழர் அறிந்தவை. தெலுங்கிலும் 'திட்டு கவித்வம்' என வழங்கும் வசைக்கவிதை மரபு உண்டு. காசுல புருஷோத்தம கவியின் 'ஆந்திர நாயக சதகம்' இறைவனையே பழிப்பதுபோலப் பாடுவது. எனவே வசை பாடியதில் அன்று, எவரை நோக்கி எவ்வாறு பாடினர் என்பதிலேயே இவர்களின் தனித்தன்மை தேடப்பட வேண்டும்.

வில்லியம் லபோவ் 1972இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்லெம் இளைஞரிடையே வழங்கிய வசைப்போட்டியை விளக்குகிறார். அப்போட்டியில் ஒருவன் கூறும் வசை வெளிப்படையாகப் பொய்யாக இருத்தல் வேண்டும். மற்றவன் அதனை மறுப்பதில்லை. அதனினும் திறமான மறுவசை கூறுகிறான். வசை மெய்யாகிவிட்டால் ஆட்டம் முறிந்து சண்டை தோன்றும். ராப் இசையின் எதிர்ப்பாட்டுகள் இம்மரபில் வளர்ந்தவை. அங்கு வசை இருவழிப்பட்டது. பொதுவாக அறிந்த விதிகளுக்குள் இயங்குவது. கேட்போர் திறனை மதிப்பிட்டுத் தீர்ப்பு வழங்குவர்.

திகம்பரக் கவிகளின் வசை இதற்கு நேர்மாறானது. அது தன்னை மெய்யென்று கூறிக்கொள்கிறது. நோயாளியிடம் மருத்துவன் நோயைக் கூறுவதுபோலக் கூறுகிறது. அதன் முன்னிலை தனிமனிதர் அன்று, சமூகம் முழுமையும். சமூகம் மறுவசை கூற இயலாது. வாளாவிருக்கலாம், தடைசெய்யலாம், அல்லது பாராட்டலாம். இம்மூன்றும் வசைபாடுவோனுக்குத் தோல்வியே. மறுமொழி பெறாத வசைக்கு இரண்டு வழிகள்தாம் எஞ்சுகின்றன: மேலும் உரக்கப் பேசுதல், அல்லது பேச்சை விட்டு வேறு செயலுக்குச் செல்லுதல். முதல் தொகுதியின் அதிர்ச்சியை மூன்றாவது தொகுதியும் அதே அளவில் தருவதற்கு மொழியில் இடமில்லை. அதிர்ச்சிச் சொல் வழங்கப்பெறும் ஒவ்வொரு முறையும் தன் விசையை இழக்கும் இயல்புடையது.

இவ்வசையில் மற்றொரு குறையும் உண்டு. நாடும் சமூகமும் சீரழிந்த நிலையைக் காட்டப் பெண்ணுடலே பலகாலும் உருவகமாயிற்று. அறுவரும் ஆண்கள், தெருவின் மொழி என அவர்கள் கொண்டதும் தெருவில் ஆண்கள் பேசும் மொழியே. 1993இல் 'நீலி மேகாலு' என்னும் பெண்ணியக் கவிதைத் தொகுப்பும், 1995இல் 'சிக்கனவுதுன்ன பாட்ட' என்னும் தலித் கவிதைத் தொகுப்பும் தெலுங்கில் வெளிவந்தபோதுதான், முன்னர் உருவகமாக நின்றவர்கள் தன்மை இடத்தில் நின்று பேசலாயினர்.

6. 'மேமு'வும் 'மனமு'வும்

தெலுங்கில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்போரை விலக்கியது 'மேமு'. கேட்போரை உளப்படுத்தியது 'மனமு'. தமிழில் நாங்கள், நாம் என்பன இவற்றுக்கு நிகரானவை. திராவிட மொழிகளின் இப்பாகுபாடு ஆங்கிலத்தில் இல்லை. ஆங்கில வழியாகத் திகம்பரக் கவிகளைப் படிப்போர் காணத் தவறுவதும் இதனையே.

ஆறு பேர் தம் பெயர்களை அறிவித்து, 'இதுவரை எழுதப்பட்டது கவிதையன்று' எனப் பிற அனைவரையும் மறுக்கும்போது, இலக்கணம் அவர்களுக்கு 'மேமு' ஒன்றையே அளிக்கிறது. சமூகம் முன்னிலை, அறுவர் தன்மை, இடையில் பொதுவெளி இல்லை. வசையின் முன்னிலையில் உள்ளவரை 'மனமு' என உளப்படுத்துதல் வசையையே குலைத்துவிடும். இந்த 'மேமு'தான் குழுவை இறுகப் பிணைத்தது. அறுவரின் அரசியற் கருத்துகள் ஒன்றாயிருந்தமையால் அவர்கள் இணையவில்லை. மறுத்தற்குரிய முன்னிலை ஒன்றாயிருந்தமையாலேயே இணைந்தனர்.

அரசியல் நிலைமை மாறியபோது இப்பிணைப்பு சோதனைக்கு உள்ளாயிற்று. 1967இல் நக்சல்பாரி எழுச்சியும் அதனைத் தொடர்ந்து ஸ்ரீகாகுளம் பழங்குடி மக்களின் ஆயுதப் போராட்டமும் நிகழ்ந்தன. அப்போராட்டத்தில் பாடல்கள் வழியே மக்களைத் திரட்டிய கவிஞர் சுப்பாராவ் பாணிக்கிரஹி 1969இல் கொல்லப்பட்டார். 1970 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் ஸ்ரீஸ்ரீயின் அறுபதாண்டு நிறைவு விழா நடைபெற்றபோது, எழுத்தாளர்கள் எப்பக்கம் நிற்கின்றனர் என வினவி மாணவர்கள் ஒரு துண்டறிக்கையை வழங்கினர். வசை பெறாத மறுமொழியை ஒரு வினா பெற்றது. அதே ஆண்டு ஜூலை 4ஆம் நாள் ஹைதராபாத்தில் ஸ்ரீஸ்ரீயைத் தலைவராகக் கொண்டு புரட்சி எழுத்தாளர் சங்கம் உருவாயிற்று.

நக்னமுனி, நிகிலேஸ்வர், ஜ்வாலாமுகி, செரபண்டராஜு ஆகிய நால்வரும் சங்கத்தில் சேர்ந்தனர். பைரவய்யாவும் மஹாஸ்வப்னாவும் சேரவில்லை. குழு அத்துடன் முடிந்தது. சங்கம் என்பது உழவர், தொழிலாளர், மாணவர் என்போரை அழைப்பது. அழைப்பின் பிரதிப்பெயர் 'மனமு'. நால்வர் 'மேமு'விலிருந்து 'மனமு'வுக்குச் சென்றனர். இருவருக்கு அம்மாற்றம் ஏற்புடையதாகவில்லை. எந்தத் திரளுக்குள்ளும் அடங்காதிருத்தலே திகம்பரம் என்பது அவர்கள் நிலை எனக் கொள்ளலாம். இரு சாராரும் தொடக்க நிலைப்பாட்டின் ஒவ்வொரு பாதிக்கு உண்மையாக நடந்துகொண்டனர். முதற்பாதி, தெருவின் பக்கம் நிற்றல். இரண்டாம் பாதி, எப்பக்கமும் சாராதிருத்தல். இவை இரண்டும் வேறென்பதை 1970ஆம் ஆண்டின் வினா வெளிப்படுத்தியது.

இப்பிரிவை ராப் குழுக்களின் பிரிவோடு ஒப்பிடலாம். 1987இல் உருவான 'என்.டபிள்யூ.ஏ.' குழுவில் வருவாய்ப் பங்கீடு குறித்த பிணக்கால் உறுப்பினர் ஒவ்வொருவராக விலகினர். 1991இல் குழு சிதைந்தது. பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் பாட்டிலேயே வசைபாடினர். 'லாஸ்ட் போயட்ஸ்' குழுவில் இரு சாரார் அதே பெயருக்கு உரிமை கோரினர். திகம்பரக் கவிகளிடம் பங்கிடுவதற்குப் பொருள் இல்லை. பெயரும் மூன்றாம் தொகுதியோடு நின்றது. அவர்களைப் பிரித்தது பணமன்று, ஒரு வினாவின் விடை.

அவ்விடைக்குச் சிலர் தந்த விலை பெரிது. நிகிலேஸ்வர், ஜ்வாலாமுகி, செரபண்டராஜு மூவரும் 1971இல் தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ்ச் சிறைவைக்கப்பட்டனர். உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 1974இல் தொடரப்பெற்ற செகந்திராபாத் சதி வழக்கில் செரபண்டராஜுவும் சேர்க்கப்பட்டார். மூளைப் புற்றுநோயால் 1982இல் மறைந்தார். புனைபெயரில் அவர் தேர்ந்த 'சிறை' உருவகமாக மட்டும் எஞ்சவில்லை. நக்னமுனி 1977ஆம் ஆண்டுத் திவிசீமைப் புயலழிவைப் பொருளாகக் கொண்டு 'கொய்ய குர்ரம்' என்னும் நெடுங்கவிதையை எழுதினார். வசை இரங்கலாக மாறிய இடம் அது. ஜ்வாலாமுகி 2008இலும் மஹாஸ்வப்னா 2019இலும் மறைந்தனர். நிகிலேஸ்வரின் 'அக்னிஸ்வாச' 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நிறுவனங்களை மறுத்துத் தோன்றிய குரலை நிறுவனம் ஏற்றுக்கொள்ள ஐம்பத்தைந்து ஆண்டுகளாயின. இதனை வெற்றியென்றோ சரணடைவென்றோ ஒரு சொல்லில் அடக்குதல் பொருந்தாது.

7. மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

தமிழில் இவர்களைப் பெயர்க்க முற்படுவோர் முதற்கண் எதிர்கொள்வது குழுவின் பெயரே. 'நிர்வாணக் கவிகள்' என்றால் பௌத்தப் பொருள் குறுக்கிடும். 'அம்மணக் கவிகள்' என்றால் வசைவிசை கிட்டும். ஆனால் திசை மறைந்துவிடும். 'திகம்பரக் கவிகள்' என்றால் சமணத் துறவியர் நினைவுக்கு வருவர். எனினும் திசையை ஆடையாக உடுத்தவர் என்னும் பொருள் தங்கும். இக்கவிஞர்கள் தம் படைப்புகளைக் கவிதைகள் என்னாமல் 'திக்குகள்' என்றே அழைத்தனர். திக்கு என்பது தெலுங்கைப் போன்றே தமிழிலும் திசையையும் புகலிடத்தையும் ஒருங்கே குறிக்கும்; திக்கற்றவர் என்னும் வழக்கு இதற்குச் சான்று. ஆங்கிலத்திற்கு இயலாத இவ்விரட்டைப் பொருள் தமிழுக்கு இயல்பாக வாய்த்துள்ளது. எனவே 'திகம்பர' என்னும் சொல்லையே கொள்ளுதல் தக்கது.

இரண்டாவது, வசைச்சொற்கள். தெலுங்குக் கவிதையில் உடலுறுப்புகளைக் குறிக்க வடமொழிச் சொல்லும் தெருச்சொல்லும் மாறிமாறி இடம்பெறக்கூடும். தமிழ் அச்சுமரபோ இடக்கரடக்கலைப் போற்றுவது. வடசொல்லைத் தமிழில் அப்படியே வைத்தால் மருத்துவ நூலின் ஒலி கேட்கும். தெருச்சொல்லை வைத்தால் மூலத்தில் இல்லாத மிகையொலி கேட்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் நிகர் தேடுதலினும், ஒரு கவிதை முழுமையிலும் உயர்வழக்கும் தாழ்வழக்கும் மோதும் விகிதத்தைக் காத்தல் பயன் தரும். பெண்ணுடல் உருவகங்களை மென்மைப்படுத்துதல் கூடாது. மூலத்தின் குறையை மறைத்தல் மொழிபெயர்ப்பாளரின் கடமையன்று.

மூன்றாவது, பிரதிப்பெயர். ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்குக் கொணர்வோர் 'நாம்' எனப் பெயர்க்கும் வாய்ப்பு மிகுதி. மேடைத்தமிழின் பழக்கம் அதற்குத் தூண்டும். மூலத்தில் 'மேமு' இருக்குமிடத்தில் 'நாம்' வந்துவிட்டால், வசை அறிவுரையாகிவிடும். கவி வாசகனின் தோளில் கைபோட்டவனாகிவிடுவான். ஒரு பிரதிப்பெயரின் பிழை ஓர் இயக்கத்தின் வரலாற்றையே மாற்றிவிடும்.

நான்காவது, ஒரு சிறு கண்ணி. 'விப்லவ ரசயிதல சங்கம்' என்னும் பெயர் தெலுங்கில் 'விரசம்' எனச் சுருங்கி வழங்குகிறது. தமிழில் விரசம் என்பது ஆபாசம். ஆபாசக் குற்றச்சாட்டுக்கு உள்ளான குழுவினர் இறுதியில் 'விரசத்தில்' சேர்ந்தனர் என்னும் தொடர் தமிழ் வாசகரை முற்றிலும் வேறு முடிவுக்கு இட்டுச் செல்லும். இங்குச் சுருக்கத்தைத் தவிர்த்து முழுப்பெயரை வழங்குதலே முறை.

8. முடிவுரை

திகம்பரக் கவிகளின் பிரிவைத் தோல்வி எனக் கூறுதல் பொருந்தாது. ஒருவழி வசையும், கேட்போரை விலக்கிய தன்மைப் பன்மையும் குறுங்காலக் கருவிகள். கதவை உடைப்பதற்கு அவை உதவும். வீட்டில் குடியிருப்பதற்கு உதவா. உடைத்தல் நிகழ்ந்தது. நள்ளிரவில் ஒரு ரிக்‌ஷா ஓட்டுநரின் கையிலிருந்து நூல் வெளிவரலாம் என்று ஆனபின், அவரே நூலுக்குள் பேசலாம் என்பதும் நினைக்கத்தக்கதாயிற்று. அதனைச் செய்தவர்கள் இவர்கள் அல்லர், பின்வந்த பெண்களும் தலித்துகளும்.

எல்லாத் திசைகளையும் ஆடையாக உடுத்தோர் என்று பெயர் கொண்டவர்களிடம் காலம் கேட்டது ஒரேயொரு திசையை. நால்வர் ஒரு திசையைக் காட்டினர். இருவர் காட்ட மறுத்தனர். பிரிவின் காரணம் அவர்கள் சூடிய பெயருக்குள்ளேயே தொடக்கமுதல் இருந்தது. அப்பெயரைத் தமிழில் சரியாகப் பெயர்த்தல், இவ்வரலாற்றைச் சரியாகப் புரிந்துகொள்வதன் முதற்படியாகும்.